நாலு மணிக்கு மேகம் காட்டும் பெட்டி: வீட்டு வானிலைக் கருவி, பதினோரு மாதம் கழித்து

மாட்டிய முதல் வாரமே இதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு போன் 34 டிகிரி என்கிறது, கூடத்து டிஸ்ப்ளே 39 என்கிறது. ஐந்து டிகிரி கூட்டிச் சொல்ல ஒரு கருவி எதற்கு?

குற்றம் பாதி அதனுடையது, பாதி என்னுடையது. சென்சாரை மேற்குப் பார்த்த மதிலில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். கையேட்டில் இடம் பற்றி இருப்பதே ஒரு வரிதான்: வெளியில் வசதியான இடத்தில் பொருத்தவும். வசதி எனக்கா, சென்சாருக்கா என்று எழுதவில்லை. வெயில் குடித்த மதிலின் சூட்டை வெளிக்காற்றின் சூடு என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏமாந்தது நான் மட்டுமில்லை என்பது ஒரு ஆறுதல். லிபியாவின் அல் அசீசியாவில் 1922-ல் பதிவான 58 டிகிரி பல பத்தாண்டுகள் உலகச் சாதனையாக நின்றது. 2012-ல் உலக வானிலை அமைப்பு அதைத் தள்ளுபடி செய்தது. அளவெடுத்தவர் பழக்கமில்லாதவர், கருவி இருந்ததோ தார் போட்டது போன்ற தரையின் மேல்.

இப்போது சென்சார், புல்தரை நடுவே ஒரு கம்பத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் பிளாஸ்டிக் மூடி, 1864-ல் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த வெள்ளை மரப்பெட்டியின் பேரப்பிள்ளை: வெயில் படக்கூடாது, காற்று மட்டும் நுழைய வேண்டும். ஆனால் இதில் தட்டுகள் மிக நெருக்கம். காற்றில்லாத பகலில் இன்னமும் ஒரு டிகிரி கூட்டித்தான் சொல்கிறது.

மிச்ச வித்தியாசத்துக்குக் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். போனில் வரும் எண் பெரும்பாலும் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வானிலையைக் கணக்குப் போடும் கணினி மாதிரியில் இருந்து வருவது. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் உலக மாதிரியிலேயே ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர் அகலம். என் வீடு, எதிர்வீடு, அதற்கப்பால் இருக்கிற வயல் எல்லாம் சேர்த்து ஒரே எண். அது பொய்யில்லை, என் முற்றத்துக்கான எண் இல்லை, அவ்வளவுதான்.

பெட்டியில் இரண்டாவது சென்சாரும் இருந்தது. அதைத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் நட்டேன். மேல் கம்பத்துக்கும் இதற்கும் இருபத்தைந்து காலடி தூரம் இருக்கும். மேகமில்லாத, இலை அசையாத விடியற்காலையில் கீழ் மூலை 2.4 டிகிரி குறைவாகக் காட்டியது. முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். இரண்டையும் இடம் மாற்றி நட்டேன், குளிர் மூலையை விட்டு நகரவில்லை. இரவில் தரை சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கி, மதில் மறிக்கும் இடத்தில் தேங்கிவிடும். ஆஸ்திரியாவின் குரூன்லோக் பள்ளத்தில் இதே வேலையால்தான் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக்கும் மேல் குளிர் இறங்கியிருக்கிறது. மேகம் மூடிய இரவில் என் இரண்டு சென்சார்களும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. தூங்கி எழுந்து வித்தியாசத்தைப் பார்த்தாலே ராத்திரி வானம் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும்.

டிஸ்ப்ளேயின் அட்டைப்பெட்டியில் ‘உங்கள் வீட்டின் காலநிலை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். காலநிலை என்று சொல்ல வழக்கமாக முப்பது ஆண்டுச் சராசரி எடுப்பார்கள். கூட வந்த பேட்டரி எட்டு மாதம்தான் தாங்கியது.

காற்றுவேகம் வீண். அதைப் பத்து மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும், என்னிடம் அவ்வளவு உயரக் கம்பம் இல்லை. மழைமானி பரவாயில்லை. ஆனால் உள்ளே ஆடும் குட்டித் தராசுக் கிண்ணத்தில் சிலந்தி கூடு கட்டி, ஒரு நல்ல மழையைப் பூஜ்யம் என்று காட்டிவிட்டது. மாதம் ஒருமுறை திறந்து துடையுங்கள்.

இதை வாங்கலாம் என்று நான் சொன்னால் அது காற்றழுத்தமானிக்காக மட்டும்தான். முதலில் நீங்கள் இருக்கும் உயரத்தை அமைப்பில் கொடுத்துவிடுங்கள். கடல்மட்டத்தை ஒட்டி எட்டு மீட்டர் ஏறினாலே அழுத்தம் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். மதிலும் மரமும் அழுத்தத்தைத் தொட முடியாது, அதனால் கூடத்து அலமாரியிலேயே இருக்கலாம். நான் இருப்பது வெப்பமண்டலம். இங்கே அழுத்தம் காலை பத்து மணிக்கு ஏறி, மாலை நாலுக்கு இறங்கி, இரவு பத்துக்கு மறுபடி ஏறி, விடியற்காலை நாலுக்கு இறங்குகிறது. மேலே ஓசோனும் கீழே நீராவியும் வெயிலில் சூடாவதால் எழும் அலை இது, பூமியையே சுற்றி வருகிறது. காற்றழுத்தமானியைப் பார்த்து மணி சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு இது ஒழுங்கு என்று தென் அமெரிக்காவில் சுற்றிய ஜெர்மானிய இயற்கை விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் எழுதினார்.

கருவியை உருவாக்கியவர்களுக்கு இது தெரிந்த மாதிரி இல்லை. அழுத்தம் இறங்கினால் டிஸ்ப்ளேயில் மேகப் படம், ஏறினால் சூரியப் படம். புயல்சின்னங்கள் வரிசையாகக் கடந்து அழுத்தத்தைப் பத்து, இருபது என்று ஆட்டுகிற குளிர்நாடுகளுக்கு அது சரி. இங்கே தினசரி ஏற்ற இறக்கமே இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல்தான், அதற்கே தினமும் நாலு மணிக்கு மேகம் வந்துவிடுகிறது. இங்கே பார்க்க வேண்டியது நேற்றைய பத்து மணியையும் இன்றைய பத்து மணியையும். டிஸ்ப்ளேயின் வரைபடமோ 12 மணி நேரத்தோடு நின்றுவிடுகிறது, அதனால் நோட்டில் எழுதி வைக்கிறேன். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். நோட்டு எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒன்றரை.

போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணி. நோட்டில் முந்தைய நாள் அழுத்தம் 1009, டிஸ்ப்ளேயில் 1005. விடியற்காலையை விடக் கொஞ்சம் ஏறியிருந்ததால் படத்தில் சூரியன். மாடியில் காயப்போட்ட துணியை எடுத்து உள்ளே போட்டேன். ராத்திரிக்குள் மழைமானியில் 61 மில்லிமீட்டர்.