முன்பக்கம் ஸ்குவாலேன், பின்பக்கம் வேறு கதை

நெற்றியில் கடுகு தூவின மாதிரி ஒரே அளவில் குட்டிக் குட்டியாகப் பொரிந்து, வியர்த்தால் அரிக்கிறதா? அப்படியானால் "ஃபங்கல் ஆக்னிக்குப் பாதுகாப்பானது" என்று முத்திரை குத்தின க்ரீமை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் வாங்கி மூன்று வாரம் அவதிப்பட்டேன்.

பெயர்தான் ஆக்னி, அதாவது பரு. உண்மையில் இது மயிர்க்கால்களுக்குள் மலசீசியா என்ற ஈஸ்ட், ஒருவகைப் பூஞ்சை, அளவுக்கு மீறிப் பெருகுவதால் வருவது. அதற்குக் கொழுப்பு அமிலத்தைத் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாது, நம் தோலில் சுரக்கும் எண்ணெயிலும் நாம் பூசுவதிலும் இருந்துதான் எடுத்துக்கொள்ளும். நான் வாங்கின க்ரீமில் இருப்பதாகச் சொல்லி விற்றது ஸ்குவாலேன் என்ற எண்ணெய் போன்ற பொருளை. அது கொழுப்பு அமிலமே இல்லை, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள வெறும் ஹைட்ரோகார்பன். அதனால் அது நமக்கு ஒத்துப்போகிற பொருள்தான். இதுவரை விற்றவர்கள் சொன்னதில் பொய் இல்லை.

டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஸ்குவாலேன். வாங்குவதற்கு முன் சாட்டில் கேட்டேன், "ஸ்குவாலேன்தான் மேடம், தாராளமா போடலாம்" என்றார்கள். முழுப் பட்டியலைக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அப்போதே விட்டிருக்க வேண்டும், ஆசை யாரை விட்டது.

பத்தாம் நாள் நெற்றி முழுக்க மணி மணியாக வந்துவிட்டது. புகார் சொன்னால், "இது பர்ஜிங், உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருது, ஆறு வாரம் விடாமல் போடுங்க" என்று பதில். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இந்தப் பதில் மேல்தான். பர்ஜிங் என்பது ரெட்டினாய்டு, ஆசிட் மாதிரி தோல் செல்களை வேகமாகப் புதுப்பிக்கிற பொருள்களில் வருவது. வெறும் மாய்ஸ்சரைசர் எதைப் புதுப்பிக்கிறது? நானும் நம்பி இன்னும் பத்து நாள் பூசினேன் என்பது தனி வெட்கம்.

அப்புறம்தான் அட்டைப்பெட்டியின் அடிமடிப்பில் இருந்த பட்டியலை போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர், கிளிசரின், அடுத்தது செட்டியரில் ஒலிவேட், சார்பிட்டன் ஒலிவேட். அளவு அதிகமானது முதலில் வருகிற பட்டியலில் ஸ்குவாலேன் அதற்கும் கீழே, கடைசியை ஒட்டி பாலிசார்பேட் 60. ஒலிவேட் என்றால் ஆலிவ் எண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் செய்தது, மலசீசியா கொழுப்பை உடைக்கும் தன் லைப்பேஸ் நொதியால் இந்த மாதிரி எஸ்டர்களை உடைத்துத் தின்னும். பாலிசார்பேட் 60-க்கு ஆய்வகத்தில் ட்வீன் 60 என்று பெயர், இதே ஈஸ்டை வளர்க்கும் ஊடகத்தில் அதைச் சேர்ப்பதுண்டு! எல்லார் முகத்திலும் இது பொரியும் என்று சொல்லமாட்டேன், ஆனால் இதை உள்ளே வைத்துக்கொண்டு அந்த முத்திரையைக் குத்துவது ஏமாற்று வேலை.

திறந்த டப்பா என்று பணத்தையும் திருப்பித் தரவில்லை. தோல் மருத்துவர் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஈஸ்ட்தான் என்று உறுதி செய்து, கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்தபிறகுதான் அடங்கியது. சாதாரணப் பரு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கலாம் என்றார்.

இப்போது பட்டியலில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கிற வெறும் ஸ்குவாலேனை இரண்டு சொட்டு போடுகிறேன், ஒன்றும் வரவில்லை. அந்த க்ரீமைத் தூக்கிப்போட மனசில்லாமல் உள்ளங்காலுக்குப் பூசுகிறேன். அங்கே எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, பித்தவெடிப்பு நன்றாகவே ஆறுகிறது.