காட்பாடியில் ஒரு கடல் விதிகள் வகுப்பு: மதிப்புரை

வணிகக் கப்பல் பணிக்குச் செல்ல விரும்பும் மாணவர்களுக்காகக் காட்பாடியில் ஒரு பயிற்சி நிலையம் நடத்திய ஒரு நாள் வகுப்புக்கு, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் என் தம்பியுடன் சென்றிருந்தேன். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளே பாடம். நடத்தியவர் ஓய்வுபெற்ற கேப்டன். மதிய உணவுடன் கட்டணம் 600 ரூபாய்.

காலைப் பொழுது விதிகளை வரிசையாக வாசிப்பதிலேயே கழிந்தது. அதற்குப் புத்தகமே போதும். ஏழாவது விதிக்கு வந்த பிறகுதான் வகுப்பு சூடுபிடித்தது. இரண்டு மாணவர்களைக் கூடத்தின் அடுத்தடுத்த மூலைகளில் நிறுத்தி, ஒருவரையொருவர் சுட்டுவிரலால் காட்டியபடியே, தரையில் சாக்பீஸால் போட்ட குறியை நோக்கி ஒரே சீராக நடக்கச் சொன்னார் கேப்டன். நீட்டிய கையின் கோணம் கடைசி வரை மாறவில்லை. குறியின் மேல் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டனர். எதிர்க்கப்பல் தென்படும் திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதும் அபாயம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அடுத்து, 1956 ஜூலை 25 இரவு அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ‘ஆண்ட்ரியா டோரியா’ என்ற இத்தாலியக் கப்பலும் ‘ஸ்டாக்ஹோம்’ கப்பலும் மோதியதை விரிவாக எடுத்துக்கொண்டார். இரண்டுமே ஒன்றையொன்று ராடாரில் பார்த்திருந்தன. ஆனால் மூடுபனிக்குள்ளும் ஏறத்தாழ முழு வேகத்தில் வந்த இத்தாலியக் கப்பல், எதிரே வருவதன் நகர்வைத் தாளில் குறித்துக் கணிக்காமல், சிறுகச் சிறுக இடப்புறம் ஒதுங்கியது. மற்றதோ வலப்புறம் திரும்பியது. 51 பேர் இறந்தனர். கருவி இருக்கிறது என்ற துணிச்சலில் வேகத்தைக் குறைக்காமல் விடுவதே பெரிய அலட்சியம் என்று அவர் விளக்கிய விதம், மாணவர்களை நன்றாகவே கேள்வி கேட்க வைத்தது.

எனக்குள்ள குறை வேறு. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ‘பிடபிள்யூ மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ கப்பல்கள் மோதி, கரையில் ஒதுங்கிய எண்ணெயை மக்கள் வாளியால் அள்ளியது நம் பிள்ளைகளுக்கு நினைவில் இருக்கக்கூடிய விபத்து. அதை ஐந்தே நிமிடத்தில் முடித்தது நியாயமில்லை. குறிப்பேடு முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததும், பின்வரிசைக்குத் திரை சரியாகத் தெரியாததும் சிறு குறைகளே.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிப்பவர்களைத் தாராளமாக அனுப்பலாம். பெற்றோரும் உடன் அமரலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை.