புயல் நேரத்துத் தண்ணீர்: சம்ப்பா, டேங்கா, கேனா? ஆர்.ஓ.வா, அடுப்பா, குளோரினா?

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்ததும் சென்னைக்காரர்கள் கடைக்கு ஓடுவது பாலுக்கும் பிரெட்டுக்கும் மெழுகுவத்திக்கும். தண்ணீர் பற்றிய யோசனை கரண்ட் போய் மோட்டார் ஓடாதபோதுதான் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. 2018 நவம்பரில் கஜா அடித்த டெல்டாவில் சிக்கல் வேறு மாதிரி. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீடு வீடாக டேங்க் நிரப்பினார்கள்.

ஆக, ஒரு வழி தேறுமா தேறாதா என்று பார்க்க இரண்டு கேள்வி போதும். வெள்ளம் உள்ளே வந்தால் என்ன ஆகும்? கரண்ட் போனால் என்ன ஆகும்?

முதலில் அளவு. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று தாராளமாகவே வையுங்கள். நாலு பேர், ஐந்து நாள்: 100 லிட்டர். அவ்வளவுதான். புழங்கும் தண்ணீர்தான் ஆளை விழுங்கும். கழிவறையில் ஒரு முறை ஃப்ளஷ் அமுக்கினாலே ஒருவர் ஒரு நாள் குடிப்பதைவிட அதிகமாகப் போய்விடும். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் போடுகிறவர்கள்தான் “எவ்வளவு பிடித்து வைத்தாலும் போதாது” என்று கைவிட்டு விடுகிறார்கள்.

எதில் சேமிப்பது?

சம்ப் பார்க்கப் பெரிய கஜானா. 10,000 லிட்டர் கூடப் பிடிக்கும். ஆனால் அதன் மூடி தரை மட்டத்தில் இருக்கிறது, பல வீடுகளில் பக்கத்திலேயே கழிவுநீர்ச் சேம்பர். தெருவில் தண்ணீர் ஏறினால் சாக்கடை முதலில் நுழையும் இடம் அதுதான். மூடி நன்றாக மூடியிருந்தது என்பது சமாதானம் ஆகாது. ஓரமாகக் கசிந்தாலே போதும். வெள்ளக் கேள்வியில் சம்ப் தோற்றது. கரண்ட் கேள்வியிலும் தோற்றது, வாளியும் கயிறும் இருந்தாலொழிய.

மேல்நிலைத் தொட்டி இரண்டிலும் ஜெயிக்கிறது. மொட்டை மாடிக்கு வெள்ளம் வராது, தண்ணீர் தானாக இறங்கும். 1,000 லிட்டர் டேங்க் ஒன்றை மழைக்கு முன்பே நிரப்பி, காற்றில் பறக்காதபடி மூடியைக் கட்டி, பாத்ரூம் லைனின் வால்வை அடைத்துவிட்டால் ஒரு குடும்பம் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். இதைக் கெடுக்கும் ஒரே பொருள் மோட்டார் சுவிட்ச். கரண்ட் வந்த சந்தோஷத்தில் யாராவது மோட்டாரைப் போட, சம்ப்பில் கலந்த சாக்கடை மேலே ஏறி, மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் பாழாகும். அபார்ட்மென்ட்டில் இது இன்னும் மோசம்: ஒருவர் விரல் வைத்தால் எல்லா வீட்டுக் குழாயிலும் வரும். அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே, சுவிட்ச்சைத் தொடாதீர்கள் என்று ஒரு வரி போட்டு, சுவிட்ச் மேல் ஒரு டேப்பும் ஒட்டிவிடுங்கள்.

இருபது லிட்டர் கேன் வசதியானது. சீல் உடையாத ஐந்து கேன் இருந்தால் மேலே சொன்ன 100 லிட்டர் தீர்ந்தது. சிக்கல், எல்லோருக்கும் ஒரே நாளில் இந்த யோசனை வருவதுதான். புயல் அறிவிப்புக்குப் பிறகு கேன் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். அக்டோபரிலேயே இரண்டு கேன் கூடுதலாக வாங்கி, வெயில் படாத மூலையில் சுழற்சியில் வையுங்கள்.

அண்டா, குடம், பக்கெட்? குடம் நல்லது, வாய் குறுகியது. அண்டாவில் சொம்பை விட்டு மொள்ளும்போது கையும் சேர்ந்து முங்கும். நல்ல தண்ணீர் கெடுவது பெரும்பாலும் அப்படித்தான். அடியில் குழாய் வைத்த டிரம் இருந்தால் அதுவே மேல். எதுவானாலும் இறுக்கமான மூடி வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசுவை நாமே வளர்த்தவர்கள் ஆவோம். கழிவறைக்கு மொட்டை மாடி மழைத்தண்ணீரைப் பிடியுங்கள். அதற்கு எந்தச் சுத்திகரிப்பும் தேவையில்லை.

எப்படிச் சுத்தம் செய்வது?

ஆர்.ஓ. மெஷின் வீட்டின் நம்பிக்கை நட்சத்திரம். இந்த ஐந்து நாளைக்கு அதை நான் கடைசி இடத்தில் வைப்பேன். கரண்ட் இல்லாமல் ஓடாது. இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்றாலும், ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். பொத்திப் பொத்திச் செலவழிக்கும் டேங்க் தண்ணீரை அப்படி விடுவதானால் அதைப் பக்கெட்டில் பிடித்துப் பாத்திரம் கழுவவாவது வையுங்கள். அது முக்கியமாகச் செய்வது உப்பைக் குறைப்பது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2,000 வரை ஒப்புக்கொள்கிறது. ஐந்து நாள் கொஞ்சம் உப்பாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது. கிருமியோடு ஒரு டம்ளர் குடித்தால் ஆகும். இன்னொன்று: ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது, அதனால் பிடித்து வைக்கும்போது கை பட்டால் காப்பாற்ற அதில் ஒன்றுமில்லை. சேமிக்க என்றால், மூக்கைச் சுளிக்க வைக்கும் குளோரின் வாசனையோடு வரும் மெட்ரோ வாட்டரே உசத்தி.

கொதிக்க வைப்பதற்கு நிகர் இல்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் பாக்டீரியா, வைரஸ், குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி எல்லாமே காலி. கேஸ் தீர்ந்துவிடுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், மூடி போட்ட பாத்திரத்தில் பத்து லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 110 கிராம் எரிவாயு ஆகும். 14.2 கிலோ சிலிண்டருக்கு இது பெரிய சுமை அல்ல. இண்டக்‌ஷன் அடுப்பை மட்டுமே நம்பியிருப்பவர்கள் வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளிய விட்டு, மேல் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். படிகாரமோ கிராமத்துத் தேற்றான்கொட்டையோ சேறை அடியில் இறக்கும், கிருமியைக் கொல்லாது.

குளோரினில் மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் போட்டிக்காரர்கள் போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் இடம் வேறு. தெளிந்த 1,000 லிட்டருக்குப் புதிய பவுடர் 2.5 கிராம், வெள்ளக் காலத்தில் இரட்டிப்பாக 5 கிராம். டீஸ்பூனில் தலை தட்டி ஒன்று எடுத்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. டேங்க்குக்குச் சரி. அதையே ஒரு கேனுக்குச் சுருக்கினால் 0.1 கிராம், எந்த வீட்டில் அளப்பது? கேனுக்கும் குடத்துக்கும் மாத்திரைதான், அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்குப்படி. பவுடரை நேராகக் கொட்டாமல் ஒரு மக் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்து லேசாக வாசனை வர வேண்டும்; வராவிட்டால் இன்னொரு முறை. போன வருஷத்துப் பாக்கெட் ஈரம் குடித்து வீரியம் போயிருக்கும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு இது சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

மற்றவை சுருக்கமாக. கேண்டில் ஃபில்டர் கரண்ட் கேட்காது, கலங்கலை நன்றாக எடுக்கும். வைரஸை நம்ப முடியாது, எனவே அடுப்புக்கு முந்தைய படியாக வைத்துக்கொள்ளலாம். பெட் பாட்டிலை ஆறு மணி நேரம் வெயிலில் வைக்கும் முறை நல்ல முறைதான், வடகிழக்குப் பருவமழையில் வெயிலுக்கு எங்கே போவது? செப்புக்குடத்தை வெள்ளத் தண்ணீருக்கு நம்ப வேண்டாம்.

டீசலோ ரசாயனமோ கலந்தால் மேலே சொன்ன எதுவும் ஆகாது. மிக்ஜாமின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. அந்த மாதிரித் தண்ணீரைக் காய்ச்சியும் பயனில்லை, குளோரின் போட்டும் பயனில்லை. வெளியிலிருந்து வரும் லாரித் தண்ணீர் மட்டுமே வழி.

வெள்ளம் வடிந்த பின் சம்ப்பை முழுக்க இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, கொஞ்சம் தூக்கலாகப் பிளீச்சிங் கரைசல் விட்டு ஊறவைத்து அதையும் இறைத்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் விட வேண்டும். உள்ளே இறங்கும் முன் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள். தனியாக யாரும் இறங்க வேண்டாம். சுவிட்ச் மேல் ஒட்டிய டேப்பை அதற்கப்புறம் பிய்க்கலாம்.