துணியில் தைத்த தொப்புள் கொடி: டர்பன் பயிற்சி செட் எப்படி இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கையால் தைத்து விற்கும் இந்தப் பிரசவப் பயிற்சி செட்டில் ஒரு துணிப் பொம்மை, 20 செ.மீ. அகலத்தில் ஒரு நஞ்சு (பிளாசென்டா), 55 செ.மீ. நீளத்தில் ஒரு தொப்புள் கொடி, பனிக்குடச் சவ்வாக ஒரு வலைத்துணிப் பை, கொடியை இறுக்கிப் பிடிக்க இரண்டு பிளாஸ்டிக் கிளாம்ப் இருக்கின்றன. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலியர்) படிப்பு படிக்கிறவர்களும் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்கிறவர்களும் இதைப் பற்றி விசாரிப்பதால் எழுதுகிறோம். கொடி நஞ்சோடு சேரும் விதத்தைக் காட்ட வேண்டுமானால் யோசிக்காமல் வாங்கலாம். கிளாம்ப் போடப் பழகத்தான் என்றால் வேண்டாம்.

செட்டின் உயிரே டிச் பட்டன்கள்தான். கொடியை நஞ்சின் நடுவில் மாட்டலாம், ஓரத்தில் மாட்டலாம், நஞ்சை விட்டுத் தள்ளி வலைத்துணியிலும் மாட்டலாம். இந்த மூன்றாவது இடத்தைத் தைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கொடி சவ்வில் முடிந்ததும் ரத்தக்குழாய்கள் வழுவழுப்பான ஜெல்லிப் பாதுகாப்பு இல்லாமல், வெறும் நூல்களாகச் சவ்வின் மேல் பிரிந்து ஓடி நஞ்சைப் போய்ச் சேர்கின்றன. ஒற்றைப் பிள்ளைப் பிரசவத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று இப்படி வரும். இரட்டைப் பிள்ளைகளில் இன்னும் அதிகம். அந்த நூல்களை கர்ப்பப்பை வாய்க்கு நேராகத் திருப்பி வைத்து வலையைக் கிழிப்பதுபோல் காட்டினால், பனிக்குடம் உடையும்போது வருகிற சிவப்பு ஏன் பயப்பட வேண்டிய சிவப்பு என்று மாணவிகளுக்குச் சட்டென்று புரிகிறது. அது பிள்ளையின் ரத்தம். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்தமே சுமார் 250 மில்லிதான். ஒரு சின்ன டம்ளர் அளவு போனாலே உயிருக்கு ஆபத்து.

நஞ்சு வெளிவரும் கட்டத்துக்கும் இதே அமைப்பு உதவும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் தசையில் போட்டு, ஒரு கையால் அடிவயிற்றில் கர்ப்பப்பையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கொடியை இழுக்கிறோம். சவ்வில் ஒட்டிய கொடியாக இருந்தால் இழுக்கும்போது ஏதோ பிய்கிற மாதிரி கைக்குத் தெரியும். அங்கேயே நிறுத்த வேண்டும். வீம்புக்கு இழுத்தால் கொடி கையோடு வந்துவிடும், நஞ்சு உள்ளே நின்றுவிடும். செட்டில் அந்த இடத்து டிச் பட்டன் மற்ற இரண்டையும் விட லேசாகக் கழன்றுவிடுகிறது. வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, நல்லதாகப் போயிற்று. ஆனால் நஞ்சு பஞ்சு அடைத்தது, எடையே இல்லை. நிஜ நஞ்சு அரைக் கிலோ இருக்கும். பின்பக்கத் தையலைப் பிரித்து 400 கிராம் அரிசியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்துத் தைத்தால் இழுப்பு ஓரளவு சரியாக வருகிறது.

கொடியின் வெட்டுமுகத்தில் ரத்தக்குழாய்களாக இரண்டு நீலம் (தமனிகள்), ஒரு சிவப்பு (சிரை). நிறம் சரிதான், கருவில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைக் கொண்டு வருவது சிரை. அளவுதான் தப்பு. மூன்றும் ஒரே அளவு வட்டங்கள். நிஜத்தில் சிரை பெரிதாக, மெல்லிய சுவரோடு வாய் திறந்து கிடக்கும். தமனி இரண்டும் சுருங்கி, வெள்ளையாகச் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கும். ஒற்றைத் தமனி நூறு இருநூறு பிரசவத்துக்கு ஒன்று வரும். அப்படி இருந்தால் பிள்ளையின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் டாக்டர் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்தச் செட்டில் மட்டும் பழகியவர் தமனி ஒன்றா இரண்டா என்று தடுமாறுவார். இன்னொன்று: ரத்தக்குழாய்களை எண்ணும் முனை நஞ்சுப் பக்கம் தைக்கப்பட்டிருக்கிறது. நஞ்சை ஒட்டிய சில சென்டிமீட்டரில் இரண்டு தமனியும் ஒன்று சேர்வது சகஜம். அங்கே பார்த்து ஒன்றுதான் என்று எழுதிவிடக் கூடாது. பிள்ளைப் பக்க முனையில் புதிதாக வெட்டி, ரத்தத்தைத் துடைத்துவிட்டு எண்ணுங்கள்.

முடிச்சுக்கு இந்தக் கொடி அருமை. உண்மை முடிச்சு போடலாம், இறுக்கலாம், அவிழ்க்கலாம். ஆனால் பொய் முடிச்சு என்கிற ரத்தக்குழாய்ப் புடைப்பு செட்டில் இல்லை. கண்டதும் புதியவர்கள் பதறுவது அதைப் பார்த்துத்தான். அதனால் எந்தக் கெடுதலும் கிடையாது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் பஞ்சைத் திணித்துக் கட்டி நீங்களே செய்துகொள்ளலாம். நிஜப் பிரசவத்தில் உண்மை முடிச்சு கண்டால் அவிழ்க்கும் முன் இறுக்கத்தையும், முடிச்சுக்கு இருபுறமும் கொடி வீங்கியிருக்கிறதா என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

கழுத்தில் சுற்றிக் காட்டினால் இரண்டு சுற்றுக்கு மேல் கொடி போதவில்லை. கூடுதலாக 30 செ.மீ. துண்டு ஒன்று தந்திருந்தால் நீளக் கொடியையும் காட்டியிருக்கலாம். தலை வந்ததும் கழுத்தில் விரல் விட்டுப் பார்ப்பது, தளர்வாக இருந்தால் தலைக்கு மேல் கழற்றுவது, வராவிட்டால் தோள் வழியாக நழுவ விடுவது, இறுக்கமானால் முகத்தைத் தாயின் தொடைப் பக்கம் அணைத்தபடியே உடம்பைக் குட்டிக்கரணமாக வெளியே எடுப்பது, எல்லாவற்றையும் செய்து பார்க்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே கிளாம்ப் போட்டு வெட்டக் கூடாது. அதற்குப் பிறகு தோள் சிக்கிக்கொண்டால் பிள்ளைக்கு வேறு வழியே இருக்காது. நாலு ஐந்து பிரசவத்தில் ஒன்றில் கொடி சுற்றித்தான் வருகிறது. மாலை போட்டுப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்று ஆயாக்கள் முகம் வாடும்போது, பொம்மையைக் கையில் கொடுத்து அவர்களையே கழற்றச் சொல்லுங்கள்.

கிளாம்ப் விஷயத்தில்தான் செட் கோட்டை விடுகிறது. தோலிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளிப் போடுவதைக் காட்டலாம், அவ்வளவுதான். ஜெல்லி நிறைந்த தடித்த கொடி காயும்போது சுருங்கும், கிளாம்ப் தளரும், ரத்தம் கசியும், பஞ்சு சுருங்காது. பிஞ்சு வெண்டைக்காயில் கிளாம்ப் போட்டு இரண்டு நாள் வெயிலில் வையுங்கள், விஷயம் புரிந்துவிடும். கொடியின் அடி வழக்கத்துக்கு மீறிப் புடைத்திருந்தால் உள்ளே குடல் இருக்கக்கூடும் என்பதையும் செட் சொல்லித் தராது. அப்படிச் சந்தேகம் வந்தால் புடைப்பைத் தாண்டி நன்றாக மேலே கிளாம்ப் போட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

பிள்ளைக்கு முன்னால் கொடி நழுவி விழும் அவசரத்தைக் காட்ட இடுப்பெலும்பு மாதிரி உருவம் ஒன்று தனியாக வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் இல்லாத மிட்வைஃப் பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள் அதையும் சேர்த்து வாங்குவது நல்லது. கொடி நசுங்காதபடி பிள்ளையின் தலையைக் கையால் மேலே தள்ளிப் பிடிப்பதையும், அதற்காகவே கதீட்டர் குழாய் வழியாகத் தாயின் சிறுநீர்ப்பையில் 500 மில்லி சலைன் ஏற்றி ஆம்புலன்ஸில் அனுப்புவதையும் வெறும் பொம்மையை வைத்துப் பழக முடியாது.

வலைத்துணிப் பையைக் கையால் மட்டும் அலசுங்கள். மெஷினில் போட்டால் ரத்தக்குழாய்த் தையல் பிரிந்துவிடும். மாற்றுப் பை தனியாக விற்பதில்லை.