ட்ரக் கார்டா, போன் ஆப்பா, வார்டு சிஸ்டரா? மருந்து படிக்க எது கைகொடுக்கும்

மூன்றாம் செமஸ்டரில் பார்மகாலஜி என்ற மருந்தியல் பாடம் தொடங்கியதும் நர்சிங் பிள்ளைகளுக்கு வரும் முதல் கவலை, இத்தனை மருந்தையும் எப்படித் தலையில் ஏற்றுவது என்பதுதான். 2022இல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மட்டும் 384 மருந்துகள் இருக்கின்றன. குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் என்று எந்தப் பக்கம் போனாலும் நர்சிங் கல்லூரி உண்டு. எங்கே படித்தாலும் பிள்ளைகள் நம்புவது நான்கு வழிகளைத்தான்: மருந்துக்கு ஒன்றாகக் கையால் குறிப்பெழுதும் ட்ரக் கார்டு, பெயரின் கடைசி அசையை வைத்து மருந்தை இனம் பிரிப்பது, போனில் மருந்து ஆப், வார்டில் சிஸ்டர் பின்னால் நடப்பது. என் ஓட்டு வார்டுக்கு என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் வெறுங்கையோடு வார்டுக்குப் போகிறவருக்கு அந்த ஓட்டு செல்லாது.

முதலில் கார்டு. மதிப்பெண்ணுக்காக எழுதுவதால் பாதிப் பேர் சீனியர் அக்காவின் கார்டைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள். பக்கவிளைவு என்ற இடத்தில் குமட்டல், வாந்தி, தலைவலி, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு. எந்த மருந்துக்கும் பொருந்துகிற ஐந்து! இப்படிப்பட்ட கார்டு நூறு எழுதினாலும் நோயாளி பக்கத்தில் நிற்கும்போது உதவாது.

கார்டில் இருக்க வேண்டியது வேறு. இதய மருந்தான டிகாக்சின் என்றால், கொடுக்கும் முன் மார்பில் ஸ்டெத் வைத்து ஒரு நிமிடம் முழுதாக இதயத்துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூடவே சிறுநீர் பிரிய வைக்கும் லாசிக்ஸ் போகிறதா, பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நஞ்சாவது எளிது. சாப்பாடு பிடிக்கவில்லை, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று நோயாளி சொன்னால் அலட்சியம் கூடாது. வலிப்புக்கான பெனிடாயின் ஊசி என்றால், நார்மல் சலைனில் மட்டும்தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோசில் கலந்தால் படிந்துவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வேகம் போகக்கூடாது. கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது, கொடுத்த பின் எதைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது. இந்த மூன்றும் எழுதிய கார்டு பத்து இருந்தால் போதும், பார்த்து இறக்கிய நூறை அது தோற்கடிக்கும்.

கடைசி அசை வழி வேகமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 'ஓலால்' என்று முடிந்தால் நாடியையும் பிரஷரையும் பார். 'பிரில்' என்றால் வறட்டு இருமலைக் கேள், பொட்டாசியம் ஏறுகிறதா பார். 'டிபின்' என்றால் கால் வீங்குகிறதா பார். ஒரு சாயங்காலத்தில் முப்பது நாற்பது மருந்துகள் வரிசையில் வந்து நிற்கும். பொறியும் உண்டு. அட்டார்வாஸ்டாட்டின் கொழுப்புக்கு, அதே வாலோடு வரும் நிஸ்டாட்டின் பூஞ்சைத் தொற்றுக்கு. பேண்டோபிரசோல் வயிற்று அமிலத்துக்கு; அரிபிப்ரசோல் மனநோய் மருந்து.

இந்த வழிக்கு இன்னொரு எல்லை நம் ஊரிலேயே தெரியும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் வார்டில் வரும் மாத்திரை அட்டைகள் பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்புபவை; மூலப்பெயர் அச்சிட்டிருக்கும், அசை வேலை செய்யும். தனியார் மருத்துவமனைக்குப் போஸ்டிங் மாறியதும் சார்ட் முழுக்கக் கம்பெனிப் பெயர். டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் பாராசிட்டமால்தான் என்பதை எந்த வாலும் சொல்லித் தராது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் காட்டிவிட்டு வருகிறவர்களின் சீட்டில் நீங்கள் கேள்விப்பட்டே இராத பெயர்கள் இருக்கும்.

அங்கேதான் ஆப் ஜெயிக்கிறது. கம்பெனிப் பெயரைத் தட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். அதைவிட முக்கியம், ஐந்து மருந்துகளைச் சேர்த்துப் போட்டால் எது எதோடு சண்டை போடும் என்று காட்டும். கார்டோ புத்தகமோ அந்த வேகத்தில் இதைச் செய்யாது. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் ஆப்களில் பல அமெரிக்கர்களுக்காகச் செய்தவை. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால், கிளிபென்கிளமைடு கிளைபுரைடு. இரண்டாம் வருடப் பிள்ளையைக் குழப்ப இது போதும். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா போக என்கிளெக்ஸ் என்ற நர்சிங் உரிமத் தேர்வு எழுதும்போது இதே பெயர்கள்தான் சோறு போடும். போகட்டும், பல வார்டுகளில் மாணவிகள் போனை வெளியே எடுத்தாலே வசவுதான்.

இனி வார்டு. புத்தகத்தில் மருந்து மில்லிகிராமில் இருக்கிறது. வார்டில் அது குப்பியில் இருக்கிறது. வேலையே அந்த இடைவெளியில்தான். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதன் கோட்டுக் கணக்கில் ஏற்றினால் நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பரினும் அப்படியே: 5 மில்லி குப்பி ஒன்றில் மொத்தம் 5,000 யூனிட், அதே அளவுள்ள இன்னொன்றில் 25,000. பொட்டாசியம் குளோரைடு 15 சதவீத ஆம்பூல் 10 மில்லியில் 20 மில்லிஈக்குவலண்ட் (mEq) பொட்டாசியம்; கரைக்காமல் நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். சிஸ்டர் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, லேபிளைச் சத்தமாக வாசித்து, இன்னொருவரையும் பார்க்கச் சொல்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவள் அதை மறக்க மாட்டாள்.

சொட்டுக் கணக்கும் அங்கேதான் கைக்கு வரும். 500 மில்லி சலைன், 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. தேர்வில் போட்ட கணக்கு வேறு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திருகுவது வேறு.

வார்டின் குறையையும் சொல்ல வேண்டும். எலும்பு வார்டில் ஒரு மாதம் போட்டால் டைக்ளோஃபெனாக், பேண்டோபிரசோல், ஆன்டிபயாடிக் இவற்றைத் தாண்டி அதிகம் பார்க்க வாய்ப்பில்லை. கெட்ட பழக்கமும் அங்கிருந்துதான் ஒட்டும்: பெயர் ஒட்டாத சிரிஞ்சு, 'இங்கே எல்லாரும் இப்படித்தான்' என்ற பேச்சு.

ஆகவே என் கணக்கு இப்படி. மூன்றாம் செமஸ்டரில் அசையை வைத்து இனம் பிரியுங்கள். போஸ்டிங் தொடங்கியதும் உங்கள் பொறுப்பில் உள்ள இரண்டு மூன்று நோயாளிகளின் சார்ட்டில் இருப்பதை மட்டும் அன்று ராத்திரி கார்டாக எழுதுங்கள். எழுதியதை ஆப்பில் சரிபாருங்கள். மறுநாள் சிஸ்டரிடம் கேளுங்கள். வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் கார்டின் மூலையில் அமெரிக்கப் பெயரையும் குறித்துவையுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த ஆப்பும் கேட்டுத் தராது. 'மக்களே, பிரஷருக்கு ரெண்டு குளிகை போடுதேன்' என்று பாட்டி சொன்னால், கொண்டுவந்த கவரைக் கட்டிலில் கொட்டச் சொல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்த அம்லோடிபினும், தனியார் டாக்டர் வேறு கம்பெனிப் பெயரில் எழுதிய அம்லோடிபினும் அதில் சேர்ந்தே கிடக்கலாம். இரண்டு அட்டையின் மூலப்பெயரையும் வாசித்து, பாட்டியின் பிரஷரைப் பார்த்து, அடுத்த வேளை மருந்துக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.