திக்காலா, பலெங்கேயா, கோபானா: மாயா காட்டில் பறவை பார்க்க எந்தச் சுற்று?

மேகக்காட்டுப் (மூடுபனி சூழும் மலைக்காட்டுப்) பறவைகளும் பழைய மாயா நாகரிகத்தின் கோயில்களும் ஒரே பயணத்தில் வேண்டும் என்பவர்களுக்கு, வழிகாட்டியோடு போகிற சுற்றுகள் முக்கியமாக மூன்று: குவாத்தமாலா மலைகளும் திக்காலும், மெக்சிகோவின் சியாபாஸ் மாநில மலைகளும் பலெங்கேயும், ஹோண்டுராஸின் கோபான். திக்கால், பலெங்கே, கோபான் மூன்றும் மாயா இடிபாடுகள். விளம்பரத்தில் கோயில் படம்தான் முதலில் நிற்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். டூக்கான், ட்ரோகன், மாட்மாட் என்று திக்காலில் கண்ணில் படும் வண்ணப் பறவைகளில் பெரும்பகுதி பலெங்கேயிலும் உண்டு. வித்தியாசம் மலையில்தான்.

மலையின் நாயகன் ஹார்ன்ட் குவான் என்ற பறவை. கிட்டத்தட்ட வான்கோழி அளவு, கறுப்பு உடம்பு, வெள்ளை நெஞ்சு, உச்சந்தலையில் விரல் போல நிமிர்ந்த சிவப்புக் கொம்பு. உலகத்திலேயே சியாபாஸிலும் குவாத்தமாலாவிலும் மட்டுமே இருக்கிறது. கோபான் பக்கம் போனால் இதை மறந்துவிட வேண்டியதுதான்.

குவாத்தமாலாவில் இதைத் தேடும் பிரபலமான இடம், அத்தித்லான் ஏரிக்கரையில் இருக்கும் 3,020 மீட்டர் உயர சான் பெத்ரோ எரிமலை. இருட்டிலேயே கிளம்பி, காபித் தோட்டமும் சோளக்கொல்லையும் தாண்டிக் காட்டுக்குள் ஏற வேண்டும். செங்குத்தான பாதை, இறங்கும்போது முட்டி பேசும். ஆனால் ஒரே நாள் வேலை, ராத்திரி ஊரில் படுக்கை. (இந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த, பறக்க முடியாத முக்குளிப்பான் ஒன்று 1980களின் இறுதியில் அழிந்துபோனது. மீன்பிடிப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பாஸ் மீன் அதற்கு ஒரு பெரிய காரணம்.)

சியாபாஸில் அதே குவானுக்கு எல் திரியுன்ஃபோ காப்பகம் போக வேண்டும். மூட்டை முடிச்சு கோவேறு கழுதை மேல், நாம் நடை. பல நாள் முகாமில் தங்கல். சிரமம்தான், ஆனால் குவானைத் தேட ஒன்றுக்குப் பல விடியல்கள் கிடைக்கும். எரிமலையில் மூடுபனி இறங்கிவிட்டால் அன்றைய கதை முடிந்தது. முகாமில் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். நீண்ட பச்சை வாலுள்ள கெட்சால் பறவையும் அதே காட்டில் உண்டு. பசிபிக் சரிவில் இறங்கினால் அஸூர் ரம்ப்ட் டானேஜர் என்ற நீலக் குருவி. இதுவும் இந்த இரண்டு நாட்டுக்கு மட்டுமே சொந்தம். குவாத்தமாலாவில் இதைப் பார்க்க அவ்வளவு நடக்க வேண்டியதில்லை: அத்தித்லான் எரிமலையின் தெற்குச் சரிவில் லோஸ் தர்ராலெஸ் என்ற காபி எஸ்டேட்டும் காப்பகமும் சேர்ந்த இடத்துக்கு வண்டியிலேயே போய்விடலாம்.

பிங்க் ஹெடெட் வார்ப்ளர் என்ற சிறு குருவி சியாபாஸ், குவாத்தமாலா இரண்டு பக்கமும் உண்டு. டெக்சாஸில் மட்டுமே கூடு கட்டும் கோல்டன் சீக்ட் வார்ப்ளர் குளிர்காலத்துக்கு மூன்று நாட்டுப் பைன், ஓக் காடுகளுக்கும் வருகிறது. ஆகவே இவற்றை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

சரி, இடிபாடுகள். இங்கே பறவை நோக்குபவர் முதலில் கேட்க வேண்டியது, கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது. பலெங்கேயில் காலை எட்டு மணி. அதற்குள் நல்ல நேரம் போய்விடும்; அதுவரை சுற்றியுள்ள காட்டு ஓரத்தில்தான் பார்க்க வேண்டும். திக்காலில் ஆறு மணிக்கே உள்ளே போகலாம், பூங்காவுக்குள்ளேயே தங்கவும் விடுதிகள் இருக்கின்றன. 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த நான்காம் கோயிலின் மேடையில் நின்றால் மர உச்சிகள் காலுக்குக் கீழே. மான்டெசூமா ஒரோபெண்டோலா என்ற பறவையின் கூடுகள் தூக்கணாங்குருவிக் கூட்டை ஒரு மீட்டருக்கு இழுத்துவிட்டது போல வரிசையாகத் தொங்கும். ஆசெலேட்டட் டர்க்கி என்ற காட்டு வான்கோழி புல்வெளியில் மனிதர்களைச் சட்டை பண்ணாமல் மேயும்: நீலத் தலை, அதில் ஆரஞ்சு மரு, வெண்கலமாய் மின்னும் உடம்பு, வாலில் கண்புள்ளிகள். யுகடான் தீபகற்பத்தையும் அதை ஒட்டிய காடுகளையும் தவிர வேறெங்கும் கிடையாது. பலெங்கேயில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

சாலையிலும் திக்காலுக்கே மதிப்பெண். குவாத்தமாலா சிட்டியிலிருந்து திக்காலுக்குப் பக்கத்து ஊரான ஃபுளோரெஸ் ஒரு மணி நேர விமானம். சியாபாஸ் மலையூரான சான் கிறிஸ்டோபலிலிருந்து பலெங்கேக்கோ வளைவும் வேகத்தடையுமாக மலைப்பாதை, அரை நாள் போய்விடும், நடுவில் மறியல் வந்தால் இன்னும் கூட. சியாபாஸின் எல்லைப் பகுதியில் பாதுகாப்பும் சமீப ஆண்டுகளில் மோசம். அன்றைய பயண எச்சரிக்கையைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். மெக்சிகோவுக்கு ஒரு சௌகரியம், செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்குத் தனி விசா தேவையில்லை.

கோபான் ஆற அமரப் போகிறவர்களுக்கு. பந்தாட்டக் களத்தின் ஓரத்தில் கல்லில் செதுக்கிய மக்காவ் (பெரிய கிளி) தலைகள், மேலே உயிருள்ள ஸ்கார்லெட் மக்காவ்கள். ஆனால் அவை வளர்த்து விடுவிக்கப்பட்டவை; பார்த்த பறவைகளின் பட்டியலில் எண்ணுவதா என்பது உங்கள் மனசாட்சி.

முதல் தடவை போகிறவருக்கு என் ஓட்டு குவாத்தமாலாவுக்கே. முட்டி நன்றாக இருந்து, குவான்தான் குறி என்றால் சியாபாஸ். எதுவானாலும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையான உலர் காலத்தில் போங்கள். அப்புறம், குவாத்தமாலா சுற்றை நடத்துபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: எரிமலை ஏற்றத்துக்கு மாற்று நாள் ஒன்று ஒதுக்கியிருக்கிறீர்களா? இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.