இரண்டாயிரம் ரூபாயா, இன்சூரன்ஸா, காவல் நிலையமா?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பன்னிரண்டாவது வளைவுக்குச் சற்று முன்பு, எனக்கு முன்னால் நின்றிருந்த வெளியூர்க் கார் கிளம்பும்போது பின்னால் உருண்டு வந்து என் முன் பம்பரில் மோதியது. சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏற்றத்தில் கிளட்சும் ஹேண்ட் பிரேக்கும் ஒத்துப்போக நாளாகும். யாருக்கும் அடியில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இறங்கி வந்த இளைஞர், "மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா, இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பட்டறையில் பம்பரைக் கழற்றினார்கள். வெளியே ஒரு கீறலும் சிறு நசுங்கலும்தான் தெரிந்தன. உள்ளே அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடிப்புகள் எல்லாம் நொறுங்கியிருந்தன. மொத்தச் செலவு 14,500 ரூபாய். அந்த இளைஞர் கொடுத்த எண்ணுக்கு அழைத்தால் யாரோ ஒரு பாட்டி எடுத்தார்.

அன்று எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: கையோடு பேசி முடிப்பது, இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்வது, காவல் நிலையத்துக்குப் போவது. நான் எடுத்தது முதல் வழி. அது தவறு என்பது பணம் குறைந்ததால் மட்டும் அல்ல.

கையோடு முடிப்பதில் இருக்கும் சுகத்தை மறுக்க முடியாது. மலைப்பாதையில் பின்னால் ஐம்பது வண்டிகள் நிற்கும்போது, அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம் என்பதே பெரிய ஆதாயம். ஆனால் பம்பருக்குள் என்ன உடைந்தது என்று சாலையோரத்தில் நின்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. தவறு நம்முடையது என்றால், காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ, பணம் கொடுப்பதோ கூடாது என்று வாகன பாலிசியின் நிபந்தனையிலேயே இருக்கிறது. ஆயிரம் ரூபாயையும் கொடுத்து, "தவறு என்னுடையதுதான்" என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுக்கும் நல்ல மனிதர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

அப்படியென்றால் கிளெய்ம் செய்துவிடலாமா? பட்டறைக்காரர் உடனே சொன்னார்: "இன்சூரன்ஸில் போடுங்கள் சார், உங்களுக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் என்ன என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பில்லில் பம்பரும் பிடிப்புகளும் 9,000, பெயிண்டிங் 4,000, கூலி 1,500. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியைக் கழிப்பார்கள். அதில் 4,500 போயிற்று. பெயிண்டிங் செலவில் கால்பங்கைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், இன்னொரு 500. 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கையிலிருந்து கட்டாயம் போக வேண்டியது 1,000. ஆக, நிறுவனம் தருவது 8,500.

அடுத்தது நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு ஏற்ப, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். நான்கு ஆண்டுகளைக் கடந்து நான் 45 சதவீதத்தில் இருந்தேன். அடுத்த புதுப்பிப்பில் 50 கிடைக்கும். ஒரே ஒரு கிளெய்ம் செய்தால் அது பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும். பரமபதத்தில் பாம்பு கடிப்பது போலத்தான். தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் ஆண்டுக்கு 8,000 என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகளில் இழப்பது 4,000, 2,400, 2,000, 1,200, 400. கூட்டினால் சரியாகப் பத்தாயிரம். வண்டி பழசாகப் பழசாகப் பிரீமியம் குறையும் என்பதால் உண்மையில் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். எப்படியும், 8,500 வாங்குவதற்காக ஏறக்குறைய அதே தொகையைத் தவணை முறையில் திருப்பிக் கட்டுகிறோம். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்காகக் காத்திருக்கும் நாட்கள் தனி.

'பம்பர் டு பம்பர்' என்று நம் ஊரில் சொல்லும் தேய்மானமில்லாப் பாலிசி இருந்தால் கணக்கு மாறும். இதே பில்லுக்கு 13,500 வந்திருக்கும், போனஸில் இழக்கும் பத்தாயிரம் போக 3,500 மிச்சம். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாதுகாப்பும் எடுத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். என்னிடம் இரண்டும் இல்லை. எனவே சொந்தக் காசில் சரிசெய்தேன். சேதம் உலோகத்திலோ, முகப்பு விளக்கிலோ, ரேடியேட்டரிலோ இறங்கி, பில் முப்பது நாற்பதாயிரத்தைத் தொட்டால் தயங்காமல் கிளெய்ம் செய்வேன். தாமதமாகச் சொன்னால் கேள்விகள் வரும் என்பதால், கிளெய்ம் செய்வதா என்று முடிவெடுக்கும் முன்பே நிறுவனத்துக்குத் தகவலை மட்டும் தெரிவித்துவிடுவது நல்லது.

காவல் நிலையம் என்றாலே நமக்குக் கால் பின்வாங்கும். மலைப்பாதை என்றால், சம்பவ இடம் எந்த நிலையத்தின் எல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கே நேரம் பிடிக்கும். கீறலுக்காக அரை நாளைச் செலவிடுவது வீண் என்பதே பெரும்பாலோர் எண்ணம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவின்படி, ஒருவர் காயமடைந்தாலோ மற்றவர் சொத்து சேதமானாலோ, அங்கே காவலர் இல்லாதபோது, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நிலையத்தில் ஓட்டுநர் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வெறும் தாள்தான். ஆனால் எதிர்த்தரப்பு அடுத்த வாரம் வேறு கதை சொன்னால் நம் பக்கம் நிற்பது அதுதான்.

எதிரே இரு சக்கர வண்டி என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. சேலம் ஐந்து ரோட்டிலோ அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலோ லேசாக உரசி ஒருவர் விழுந்து, எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு "ஒன்றுமில்லை" என்பார். பதற்றத்தில் வலி தெரியாது. இரவில்தான் தோள்பட்டையைத் தூக்க முடியாமல் போகும். 108ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறகு நேராகக் காவல் நிலையம். அங்கே பணம் கொடுத்து முடிக்கும் பேச்சே வேண்டாம். கட்டாயக் காப்பீட்டை நாம் ஆண்டுதோறும் கட்டுவதே அதற்காகத்தான்.

மூன்றில் எந்த வழியில் போனாலும் முதல் பத்து நிமிட வேலை ஒன்றே. ஹசார்டு விளக்கைப் போட்டு, மலையென்றால் சக்கரத்துக்குக் கல் வைத்து, இரு வண்டிகளும் நின்ற நிலையிலேயே படம் எடுக்க வேண்டும். வளைவு எண் பலகையும் எதிர் வண்டியின் எண்ணும் விழும்படி. எதிர்த்தரப்பின் ஓட்டுநர் உரிமத்தையும் பாலிசியையும் படமெடுத்த பிறகே வண்டியை ஓரங்கட்டலாம். கைப்பேசி எண்ணை வாங்கியதும் அங்கேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். பாட்டி எடுக்கிறாரா என்று அப்போதே தெரிந்துவிடும்.

போன மாதம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சரக்கு வண்டி என் பின் கதவை உரசியது. ஓட்டுநர் ஐந்நூறு ரூபாயை எடுத்தார். "இப்போது வேண்டாம் தம்பி, டிங்கரிடம் காட்டிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று படங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மறுநாள் டிங்கர் சொன்ன 1,800 ரூபாய்க் கணக்கை அவருடைய குரல் பதிவோடு ஓட்டுநருக்கு அனுப்பிவைத்தேன். அன்று மாலையே பணம் வந்தது. கூடவே, "கதவு சரியாக மூடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா" என்று ஒரு செய்தியும்.